அணைக்கரையில் ஓடிய அய்யன்

அய்யன் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பாவை எங்கள் பக்கத்தில் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, மலைமேல் இருந்த ஓர் அணையின் கரையில், கல் என்றும் சேறு என்றும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார். வலது கையை மட்டும் இறுக மூடி நெஞ்சோடு வைத்திருந்தார்.

நான் தண்ணீரில் இருந்தேன். பாய்மரப் படகுப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. என் படகு எதிர்க்காற்றில் ஏறிக்கொண்டிருந்த அதே திசையில்தான் அவரும் ஓடினார்.

கையை உயர்த்தி ஆட்டினேன். அவர் பதிலுக்குக் கை ஆட்டவில்லை. இன்னும் வேகமாக ஓடினார்.

எனக்காக ஓடுகிறார் என்று நினைத்தேன். பையன் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் கரையோடு கூடவே வருகிறார் என்று நினைத்தேன். அதுவரை எத்தனையோ பந்தயங்களில் ஓட்டியிருக்கிறேன், இரண்டு தடவை தேசிய சாம்பியன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். கரையில் எனக்கென்று ஓர் ஆள் நின்றதில்லை. அன்று ஒருவர் ஓடியே வருகிறார். கண் கலங்கிவிட்டது. பாய்க் கயிறு கையில் இருப்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

அவர் எதற்காக ஓடினார் என்று சொல்வதற்கு முன்னால் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். எதிர்க்காற்றில் படகும் நேராகப் போகாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் ஏறும். இந்தத் தொடரை இத்தனை வாரமாகப் படிப்பவர்களுக்கு என் குணம் பழகியிருக்கும்.

“தூரமா?”

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம். பாலக்காட்டு ஜில்லாவின் கிழக்கு ஓரம். கேரளம் என்றதும் ஜனங்கள் நினைக்கிற தென்னந்தோப்பும் காயலும் அங்கே கிடையாது. பனைமரம், நிலக்கடலைக் காடு, ஆழக் கிணறு. காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல. மானாவாரி நிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். வீட்டில் நானும் அய்யனும்தான். இரண்டு ஆண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் என்ன பேச்சு இருக்கும்? மாட்டைப் பற்றிப் பேசுவோம், மோட்டாரைப் பற்றிப் பேசுவோம், மழை வருமா என்று பேசுவோம். அதற்கு மேல் இருவருக்கும் வாய் வராது.

வெளியே கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று எங்கள் பக்கத்தில் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம்பிக்கை. ரொம்பத் தெரிய வேண்டுமென்றால், “தூரமா?” என்று மட்டும் கேட்பார்கள். இஷ்டமிருந்தால் ஊர்ப் பேரைச் சொல்லலாம், இல்லாவிட்டால் தலையை ஆட்டிவிட்டு நடக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வாசற்படி தாண்டியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எதை விட்டுவிட்டுப் போனாலும் கூடாது. அடுத்த வீட்டில் கல்யாணப் பேச்சுக்குக் கிளம்பிய மாமா ஒருவர் மேல்துண்டு இல்லாமலே பஸ் ஏறிப் போனார். வீட்டு ஜனம் அத்தனை பேரும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அய்யன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். நான் பையைத் தூக்கிக்கொண்டு, “போய்ட்டு வர்றனுங்கய்யா” என்பேன்.

“தூரமா?”

“கொஞ்சம் தூரந்தானுங்க.”

“செரி. பாத்துப் போ.”

அவ்வளவுதான். கொச்சிக்குப் போனபோதும் கொஞ்சம் தூரம், பம்பாய்க்குப் போனபோதும் கொஞ்சம் தூரம். எதற்குப் போகிறேன், அங்கே என்ன செய்கிறேன் என்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்டதில்லை. வழக்கம் அது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கும்போது, இவருக்கு நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்றுதான் தோன்றும். அந்த எண்ணம் பல வருஷம் என்னோடு ஊர் ஊராக வந்தது.

ஒற்றையாள் படகு

கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊரில் பிறந்தவன் பாய்மரக்காரன் ஆனது எப்படி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர்தான் இல்லை, காற்று இருந்தது. மேற்கே மலைத்தொடரில் பெரிய கணவாய். ஆடி மாதம் அந்த வழியாக வருகிற காற்று வடகரப்பதியில் ஆளையே தள்ளும். களத்தில் தானியம் தூற்றுகிறபோது காற்று எப்போது எழும், எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நிற்பது சின்ன வயதில் என் வேலை. தூரத்துப் பனையில் ஓலை சலசலத்தால், முறத்தைத் தூக்கச் சொல்லிக் குரல் கொடுப்பேன். அதைப் பெரிய வித்தை என்று நானும் நினைக்கவில்லை, வேறு யாரும் நினைக்கவில்லை.

இருபது வயதில் கொச்சியில் ஒரு தார்ப்பாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்குப் பின்னால் கொட்டகையில் படகுப் பாய்களும் தைப்பார்கள். தைத்த பாயை ஒரு நாள் படகுத் துறையில் கொடுக்கப் போனபோது, ஆள் குறைகிறது, ஏறு என்றார்கள். ஏறினேன். தண்ணீரின் மேல் காற்று வருவது எனக்குக் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன். தெரியாதாம்.

சில வருஷத்தில் ஒற்றையாள் படகுக்கு மாறிவிட்டேன். ஓட்டுபவன் ஒருவன், பாய் ஒன்று, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. என் குணத்துக்கு அது பொருந்தியது.

தமிழ் பேசுகிறவன் என்பதால் கொச்சிக்காரர்கள் என்னைப் பாண்டி என்பார்கள். கோயமுத்தூர் வியாபாரிகளுக்கு நான் மலையாளத்தான். பம்பாயில் கேரளத்துக்காரன் என்று மேடைக்குக் கூப்பிட்டு, பரிசைக் கையில் கொடுத்துவிட்டு, மலையாளத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். கூட்டத்தில் இருந்த மலையாளிகள் சிரித்தார்கள். அன்று இரவு கோப்பையைத் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ரயிலில் தனியாக வந்தேன்.

அய்யன் கோப்பையை வாங்கிச் சுண்டிப் பார்த்தார்.

“பித்தளையா?”

“வெள்ளி முலாமுங்க.”

“புளி போட்டுத் தேச்சா இன்னீம் பளபளங்கும்” என்றார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். கோப்பை நிறைய அவரை விதை போட்டு, மேலே துணி கட்டி வைத்திருந்தார். பூச்சி அண்டாதாம்.

ஏலப்பாறையில் கடை

எழுபதுகளில் சொந்தமாகத் தார்ப்பாய் வியாபாரம் தொடங்கினேன். லாரிக்காரர்களை நம்பி முதல் கடையைப் பாலக்காட்டில் போட்டேன். மழையை நம்பி இரண்டாவதை ஏலப்பாறையில் போட்டேன். மலைமேல் தேயிலைத் தோட்டத்து ஊர். கொழுந்து மூட்டையை மூட வேண்டும், ஏலக்காயை மூட வேண்டும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தின் ஒழுகுகிற கூரையை மூட வேண்டும். தார்ப்பாயை மலையாளத்தில் படுதா என்பார்கள். அங்கே எனக்குப் பேரே படுதாக்காரன்தான்.

கடையை ராசையா பார்த்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். என் வயதுதான் இருக்கும். கடைக்கு மேலே ஓர் அறை. பகல் மூன்று மணிக்கே மூடுபனி படியேறி வந்துவிடும். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ரேடியோ கேட்காது. மெழுகு பூசிய துணி வாசனை சாப்பாட்டில் கூட இருக்கும். வியாபாரம் நன்றாக நடந்தது. சாயங்காலமானால் யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும் போல இருக்கும், சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். ராசையா தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒரு வருஷம், ஜீப்பில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் புதிதாக நிரம்பியிருந்த அணையில் ஒரு பந்தயம் வைத்தார்கள். கடற்கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். என் படகும் வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு அய்யனிடம் சொன்னேன்.

“ஒருக்கா வந்து பாருங்கய்யா. கடலுக்கு வரச் சொல்லலே. மலைக்குத்தான்.”

“தண்ணீல போறதுல பாக்கறதுக்கு என்ன கெடக்குது?” என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் அவர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. அவர் பார்க்க நான் ஜெயிக்க வேண்டும். சாம்பியன் பட்டத்துக்குக்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கீழே எங்கள் ஊரில் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. காட்டில் வேலையில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், மூடுபனிக்குள்ளிருந்து நிலக்கடலை மூட்டையோடு ஓர் ஆள் வருகிறார். அய்யன். தனியாகப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

“தூரந்தான்” என்றார் மூட்டையை இறக்கிவிட்டு.

இத்தனை தண்ணி

மறுநாள் காலை அணைக்கரையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் அய்யன் அப்படியே நின்று பார்த்தார். மலை இடுக்கெல்லாம் தண்ணீர். எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டுகிற வருஷம் அது. மெதுவாக இறங்கிப் போய்க் குனிந்து, தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

“இத்தனையும் எந்தக் காட்டுக்குப் பாயுது?”

“பாசனத்துக்கில்லீங்க. கரண்டு எடுக்கறாங்க.”

“கரண்டுக்கா” என்றார். திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் படகைப் பார்க்கவே இல்லை.

நான் படகைத் தயார் செய்துகொண்டிருந்தேன். என்னுடையது இரண்டு அடித்தட்டு வைத்த படகு. நடுவே வெற்றிடம். அங்கே கசிந்து சேர்கிற தண்ணீரை வடிக்கப் பின்பலகையில் கீழாக ஒரு துளை. கரையில் இருக்கும்போது அதைத் திறந்து வைப்போம். இறக்குவதற்கு முன் பித்தளைத் தக்கையைத் திருகி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அந்த வெற்றிடத்தில் தண்ணீர் ஏறும். மேல்தட்டில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

தக்கையைக் கழற்றினேன். வைக்க இடம் பார்த்தேன், சேறாக இருந்தது. அய்யன் பக்கத்தில் நின்றிருந்தார்.

“இதெக் கொஞ்சம் புடிங்கய்யா” என்று அவர் கையில் கொடுத்தேன்.

பையனின் படகு வேலையில் அவர் கை பட்டது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அதற்குள் படகை இறக்கச் சொல்லிக் கொம்பு ஊதினார்கள். காற்று எழுந்துவிட்டது. தண்ணீரில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை விழுவதைப் பார்த்ததும் எனக்கு வேறு நினைவே இல்லை. ராசையா ஒரு பக்கம் பிடிக்கப் படகைத் தள்ளி ஏறி உட்கார்ந்தேன்.

“போய்ட்டு வர்றனுங்கய்யா.”

“பாத்துப் போ” என்றார் அய்யன். தூரமா என்று கேட்கவில்லை. எதிரேதானே போகிறேன்.

பந்தயம் தொடங்கியதும் நான்தான் முன்னால். கொச்சியிலிருந்து வந்த ஓர் இளைஞன் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தான். கரையோரமாகவே எதிர்க்காற்றில் ஏறி, ஒரு பாறை மூக்கைத் தாண்டித் திரும்ப வேண்டும். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அய்யன் ஓடிக்கொண்டிருந்தார்.

மேலே எழுதினேனே, அந்தச் சந்தோஷம் இப்போதுதான் வந்தது. ஒவ்வொரு தடவை படகைத் திருப்பும்போதும் கரையைப் பார்த்தேன். படகு கோணல்மாணலாக ஏறுகிறது, அவர் நேராக ஓடுகிறார். என்னைத் தாண்டியே போய்விட்டார். மூச்சு வாங்க ஒரு நொடி நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக இருந்தார். படகு கனக்கிற மாதிரி இருந்தது. காற்று விழுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். காற்றைப் பார்த்துப் பிழைத்தவன் காற்றின் மேலேயே பழி போட்டேன். கொச்சி இளைஞன் பக்கத்தில் வந்தான், தாண்டினான். அதைப் பற்றிக்கூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அய்யனை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாறை மூக்கை நெருங்கினபோது அவர் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்து, என்னைப் பார்த்துத் திரும்பி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. மூடியிருந்த கையைத் திறந்து நீட்டினார். உள்ளங்கையில் பித்தளைத் தக்கை.

“கண்ணு, இதெ உட்டுப்போட்டு வந்துட்டே” என்றார்.

குனிந்து பார்த்தேன். படகின் பின்பக்கம் அமிழ்ந்து தண்ணீர்மட்டத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு படகாக எங்களைத் தாண்டிப் போயிற்று.

முன்னால் நின்று சொல்வது

எனக்குக் கோபம்தான் வந்தது. படகை இழுத்துக் கரையில் சாய்த்துவிட்டுக் கேட்டேன்.

“அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டிருக்கலாமுங்களே. காது கேக்கற தூரந்தான?”

அய்யனுக்கு மூச்சு இரைத்தது. நான் கேட்டதே அவருக்கு விளங்காத மாதிரி பார்த்தார்.

“காரியமாப் போற ஆளெ எப்படிப் பொறகால கூப்புடறது? முன்னால வந்துதானப்பா சொல்லோணும்.”

ராசையா பின்னால் ஓடி வந்து சேர்ந்தார். சாயங்காலம் கடையில் வைத்துத்தான் முழுவதையும் சொன்னார்.

“நீங்க தள்ளிப் போனதும் இது என்ன சாமான்னு பெரியவுக கேட்டாக மொதலாளி. நான் பாத்திட்டு, ஐயோ இது இல்லாம படகு முங்கிருமேன்னு கத்தப் போனேன். என் வாயப் பொத்திட்டாக. எங்க ஊர்லயும் அந்தப் பழக்கம் உண்டுதான், முங்குத நேரத்துல யாரு அதப் பாப்பா? ஒத்தையில போயிருக்கான், அவனுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு சொல்லிட்டு ஓடுனாக பாருங்க, என்னால கூட ஓட முடியல.”

கேட்டுக்கொண்டே சுருட்டிய தார்ப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டேன். அய்யன் மேலறையில் தூங்கிக்கொண்டிருந்தார். முழங்காலில் சிராய்ப்பு. ஜெயிக்கிறேனா தோற்கிறேனா என்று அவர் கவனிக்கவே இல்லை. எனக்கு ஆரவாரம் செய்யத்தான் ஓடினார் என்று நான் நினைத்தது சுத்தப் பிசகு. ஆனால் எனக்காக ஓடினார் என்பது பிசகில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டு வாசலில் அவர் கேட்காமல் விட்டதெல்லாம் எதற்காக என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எனக்கு அழுகை வந்தது. ராசையா கடை ஷட்டரை இறக்கப் போவது போல வெளியே போய்விட்டார்.

தரைப்பாலம்

அதன் பிறகு அய்யன் எந்தப் பந்தயத்துக்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு புது வழக்கம் தொடங்கினார்.

நான் கிளம்புகிற நாளில் எனக்கு முன்னாலேயே அவர் வீட்டை விட்டுப் போயிருப்பார். முதல் தடவை, வழியனுப்பக்கூட ஆளில்லையே என்று மனசு கசந்தது. ஊர் எல்லையில் ஒரு தரைப்பாலம் உண்டு. பஸ் அங்கே மெதுவாக இறங்கி ஏறும். பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு அய்யன் நின்றிருந்தார். நான் எதையாவது மறந்துவிட்டு வந்திருந்தால் முன்னாலிருந்து சொல்லலாம் அல்லவா, அதற்காக.

நான் பையில் கை விட்டுத் தக்கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான். வியாபாரத்துக்காக ஏலப்பாறைக்குப் போகிறேன், படகுக்கே வேலையில்லை என்றாலும் தக்கை பையில் இருக்கும். காட்டாவிட்டால் அவர் பஸ்ஸை நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம். கண்டக்டர்கள் இதைப் பற்றிக் கேலி பேசியிருப்பார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் அய்யன் போய்விட்டார். கோடையில், இரண்டு நாள் காய்ச்சலில். காரியமெல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். போய்ட்டு வர்றனுங்கய்யா என்று பூட்டிடம் சொல்ல முடியாது. சொல்லாமல் பஸ் ஏறினேன்.

தரைப்பாலத்தில் பஸ் மெதுவாக இறங்கியது. என் கை தானாகத் தக்கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தது. அந்தப் பக்கம் பனைமரமும் வெயிலும்தான் இருந்தன. பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் கையை உள்ளே இழுக்க மனம் வரவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்தவர் என் கையையும் முகத்தையும் பார்த்தார். யாரோ சந்தைக்குப் போகிறவர்.

“தூரமுங்களா?” என்றார்.

“கொஞ்சம் தூரந்தானுங்க” என்றேன்.